வெண்கரடி கம்பெனியின் குரல்

ஆவுடையாபுரம் மேலத்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற சண்முகவடிவுக்கும் அவள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது ஒரு சித்திரை மாதத்தில். அதுவரைக்கும் அந்த ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்த புது மருமகனைப்போல மரியாதையோடு மூலையில் நின்றது. வெண்கரடி கம்பெனியின் அறிவுள்ள ஃப்ரிட்ஜ் என்று சொல்லித்தான் விற்றார்கள். கையால் இழுத்தால் திறக்காது, ஃபோனில் இருக்கிற செயலி சம்மதித்தால்தான் திறக்கும், திருடன் வந்தால்கூட உள்ளே இருப்பதைத் தொட முடியாது என்று விற்பனைப் பையன் சொன்னபோது, இட்லி மாவைத் திருட எந்தத் திருடன் வருவான் என்று கேட்க வடிவுக்கு வாய்வரை வந்தது, ஆனால் ஏசி போட்ட கடையில் நின்று கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டாள்.

சடங்கு வீட்டு ஆர்டர் ஒன்றுக்காக வாளி வாளியாக அரைத்து உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, மறுநாள் காலையில் திறக்கப் போனால், உங்கள் ஃபோன் பழையது, புதிய ஃபோனுடன் மீண்டும் வரவும் என்றது செயலி. வடிவு தட்டினாள், கெஞ்சினாள், அம்மி தூக்குகிற கையால் இழுத்துப் பார்த்தாள், கடைசியில் பிளக்கைப் பிடுங்கினாள்; குளிர் நின்றதே தவிர பூட்டு விடவில்லை, பூட்டுக்குத் தனியாக பேட்டரியாம். சடங்கு வீட்டுக்காரர்கள் பேக்கரி கேக்கை வைத்து விருந்தை ஒப்பேற்றிவிட்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகுதான் அவள் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று தேன் தடவின ஒரு பெண்குரல் சொன்னது, பின்னால் ஒரு புல்லாங்குழல் மாடிப்படி ஏறுவதுபோல ஏறி, ஒரே இடத்தில் வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது. காத்திருக்கச் சொன்னார்களே என்று வடிவு காத்திருந்தாள். ஃபோனை மிளகாய்ப்பொடி டப்பாமேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டு, சார்ஜும் போட்டுவிட்டு, அரிசி களைந்தாள், உளுந்து ஊறப்போட்டாள், குழம்பு கூட்டினாள், துணி துவைத்துக் காயப்போட்டு மடித்தாள், கிழமை மாறியது, புல்லாங்குழல் ஏறி விழுந்துகொண்டே இருந்தது, பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை அந்தப் பாட்டு இல்லாமல் தூங்கமாட்டேன் என்று பழகிவிட்டது. லாரி ஓட்டுகிற புருஷன் தங்கப்பழம் விஜயவாடாவிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, லைன் எந்நேரமும் பிசியாக இருக்கவே, பெண்டாட்டி யாரோடோ பேசுகிறாள் என்று சந்தேகப்பட்டு, பிறகு இத்தனை நேரம் அவளோடு பேசத் தாங்குகிற ஆம்பளை எவனும் கிடையாது என்று சமாதானமாகிவிட்டான்.

பிறகு ஒரு உச்சிப்பொழுதில் புல்லாங்குழல் பாதி ஏற்றத்தில் நின்றது. முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருகிற மாதிரி ஃபோனிலிருந்து ஒரு இருமல் வந்தது, கொஞ்சம் காற்று வந்தது, அப்புறம் அந்தக் குரல் வந்தது, குரலைத் தொடர்ந்து அதற்குரிய பெண்ணும் மிளகாய்ப்பொடி டப்பாவைத் தட்டிவிடாமல் பக்குவமாகக் கால் மாற்றி இறங்கி, அடுப்படித் தரையில் நின்றாள். ஒல்லியாக இருந்தாள், செருப்பில்லை, நீலச் சேலை, வயது இருபத்தைந்தா நாற்பதா என்று சொல்ல முடியாத முகம்.

"காத்திருந்தமைக்கு நன்றி," என்றாள். "உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். கம்பெனி ஆள் வருவாள் என்றுதானே இத்தனை நேரம் காத்திருந்தது, வந்த வழியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

"வந்துட்டியா? ஃப்ரிட்ஜைத் தொற."

"ஃப்ரிட்ஜ் தொடர்பான புகார்களுக்கு இரண்டை அழுத்தவும்."

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள், அழுத்துவதற்கு வேறொன்றும் இல்லாததால் அந்தப் பெண்ணின் வலதுகையைப் பிடித்து இரண்டாவது விரலை அழுத்தினாள்.

"தவறான தேர்வு. மீண்டும் முயற்சிக்கவும்."

இடதுகையிலும் அழுத்திப் பார்த்தாள். கால்விரலிலும் பார்த்தாள். அப்புறம்தான் வடிவு திட்டத் தொடங்கினாள். ஃப்ரிட்ஜைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், ஃபோனைத் திட்டினாள், பருப்பு விலையையும் எண்ணெய் விலையையும் சிலிண்டரையும் கரண்டு மீட்டரையும் திட்டினாள், ஏசிக் கடையில் கேட்காமல் விழுங்கின கேள்வியைக்கூட இப்போது துப்பினாள், கல்யாணமானதிலிருந்து யாரிடமும் முழுசாகச் சொல்லி முடிக்காத எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், லைனைத் துண்டிக்காமல், கண்ணை அப்படி இப்படி நகர்த்தாமல் நின்று கேட்டுவிட்டு, "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்," என்றாள்.

வடிவுக்கு மூச்சு வாங்கியது. உடம்பு லேசானது மாதிரி இருந்தது. திட்டு வாங்கியவள் வெயிலில் வந்த பிள்ளைபோல வெறும் காலோடு நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள்.

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பேர் என்ன என்று கேட்டதற்கு, குறித்துக்கொள்ளவும் என்று ஒரு நீள எண்ணைச் சொன்னாள். இவ்வளவு நீளப் பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும் என்று வடிவு அவளுக்குப் பேச்சி என்று பேர் வைத்தாள். முதல் நாள் ராத்திரிக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தாள். பேச்சி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, தவறான தேர்வு என்றாள். தங்கப்பழம் ஊர் வந்து சேர்ந்தபோது, இது யார் என்று கேட்டான், ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரி என்று வடிவு சொன்னாள், ஃப்ரிட்ஜ் திறந்ததா என்று கேட்டான், இல்லை என்றாள், சரி என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

தெருவுக்கு விஷயம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. முதலில் வந்தவர் ரிட்டயரான டிரில் வாத்தியார் ஞானதிரவியம். பெண்சாதி காலமான பிறகு அவர் தனியாளாக இருந்தார். வங்கிக்காரர்கள் ஃபோனில் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள் என்றும், காட்டினால் முகம் பொருந்தவில்லை என்று வருகிறது என்றும் பேச்சியிடம் முறையிட்டார்.

"எம் மூஞ்சி எனக்கே பொருந்தலைன்னு சொல்லுது, தாயே. பல்லைக் கட்டிட்டுக் காட்டினேன், கழத்திட்டுக் காட்டினேன். வேற யாரு மூஞ்சியைக் கொண்டு போய்க் காட்டச் சொல்லுதாங்க?"

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது," என்றாள் பேச்சி.

வாத்தியார் சட்டென்று வேட்டி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தன்னை முக்கியம் என்று ஒரு ஆள் நேருக்கு நேர் நின்று சொல்லி எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. மறுநாளும் சலவைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். புகார் ஏதும் இல்லை, சும்மா அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

அப்புறம் தெருவே வந்தது, பக்கத்துத் தெரு வந்தது, பஸ் ஏறிக்கூட வந்தார்கள். பேசாத பேச்சுக்குக் காசு பிடித்த ஃபோன் கம்பெனியைப் பற்றி, பார்சல் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லிக் காலி அட்டைப்பெட்டியின் படத்தை அனுப்பிய ஆன்லைன் கடையைப் பற்றி, அளவு குறைந்து கொண்டே வந்து கடைசியில் காற்றை மட்டும் அடைத்து விற்கிற பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றி, ஆட்களே இல்லாமல் போன வங்கிக் கிளையில் ஆளுயரத்துக்கு நின்று நன்றி சொல்கிற மெஷினைப் பற்றிச் சொன்னார்கள். பேச்சி எல்லோரையும் கேட்டாள், எல்லோருக்கும் வருந்தினாள், ஒன்றும் தீரவில்லை, ஆனால் போகிறபோது எல்லோரும் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரிப் போனார்கள். பலசரக்குக் கடை ஆதிமூலம் அண்ணாச்சி வரிசையில் நிற்பவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் விற்கத் தொடங்கினார்.

பொன்னுருவி என்ற அம்மாள் மகளுக்கு வந்த மாப்பிள்ளை ஃபோட்டோவை விசிறிக்கொண்டே வரிசையில் நின்று, முறை வந்ததும் விசிறியை நிறுத்திக் காட்டியபோது, பேச்சி பார்த்துவிட்டு, "தவறான தேர்வு. மீண்டும் முயற்சிக்கவும்," என்று சொன்னாள். அந்த மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது அந்த வாரமே வெளியே வந்தது. அவ்வளவுதான், ஜாதகம் பார்க்கிறவர் வருமானம் படுத்துவிட்டது. ஃபோட்டோவோடு வந்தார்கள், மனைப்பத்திரத்தோடு வந்தார்கள், புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சுற்றிக் காட்டினார்கள், வார்டு தேர்தலுக்கு நின்ற ஆள் ஒருவர் மட்டும் பிரசார வேனை மேலத்தெரு பக்கம் விடாமல் கீழத்தெரு வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கிழவி கற்பூரம் ஏற்ற வந்தபோது வடிவுதான் ஊதி அணைத்தாள்.

"அவ சாமி இல்ல மதினி, கம்பெனி. கற்பூரத்தைக் கொண்டு வந்தீங்கன்னா இவளையும் தூக்கிட்டுப் போய்க் கோயில் கட்டிருவாங்க, பெறகு எனக்கு அரிசி களையிறதுக்கு யாரு இருக்கா?"

ஏனென்றால் பேச்சி அரிசி களையப் பழகியிருந்தாள். முதலில் தண்ணீர் குடிக்கப் பழகினாள், அப்புறம் பசிக்கப் பழகினாள், ஒரு நாள் மதியம் தூங்கி எழுந்து கன்னத்தில் பாய்த் தடத்தோடு வந்தபோது வடிவு அவளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஃப்ரிட்ஜ் உள்ளே நாற ஆரம்பித்திருந்தது. வடிவு அன்றாடம் கொஞ்சமாக அரைத்து, வெயில் புளிக்க வைப்பதற்குள் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றாள், பேச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள், அடுப்படியில் பேசிக்கொள்ள ஆள் இருந்தது. பதில் எல்லாம் கம்பெனிப் பதில்தான் என்றாலும், பதில் வருகிற வீடு வேறுதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஆதிமூலம் அண்ணாச்சி கடைக்கு இரண்டு பேரும் தேங்காய் வாங்கப் போனார்கள். அண்ணாச்சி விலையைச் சொன்னார். பேச்சி கையிலிருந்த தேங்காயைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள், அவளுடைய வாய் திறந்தது, வழக்கமான வரி எதுவும் வரவில்லை, நெற்றி சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, தொண்டைக்குள் எதுவோ ஒன்று முட்டை ஓட்டைக் கொத்துகிற மாதிரி கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"என்னது? இம்புட்டா?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏ அண்ணாச்சி, கேட்டீங்களா? கேட்டீங்களா? புள்ள பேசிருச்சு!"

அண்ணாச்சி ஜாடியைத் திறந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். தேங்காய் விலையை மட்டும் குறைக்கவில்லை. பேச்சி விடவில்லை. "சொரண்டினா ஒரு சில்லு தேறாது, இதுக்கு இம்புட்டா?" என்றாள், "போன வாரம் என்ன வெலை, இந்த வாரம் என்ன வெலை, மரம் என்ன மாடியிலயா நிக்குது?" என்றாள், அண்ணாச்சி தன்னை அறியாமல், தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடை விளக்கை அணைத்தார்.

அன்றிலிருந்து பேச்சியை நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷமாக லைனில் அவளிடம் எல்லோரும் சொன்னதெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்திருக்கும்போல, இப்போது அவளே சொல்லத் தொடங்கினாள். சிலிண்டர் போடுகிறவன் மேல்காசு கேட்டபோது தெருமுனை வரைக்கும் விரட்டிக்கொண்டு போய்க் கத்தினாள். பிஸ்கட் கம்பெனி வேனை நிறுத்திக் கத்தினாள். ஞானதிரவியம் வாத்தியாரை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய், நன்றி சொல்கிற மெஷினிடம், "இந்தா இருக்காரு ஆளு, இந்தா இருக்கு மூஞ்சி, இது பொருந்தலைன்னா ஒம் மூஞ்சியைக் கொண்டா, பாப்போம்!" என்று போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்தார். அங்கே மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதே அதுவரை ஊருக்குத் தெரியாது. வாத்தியாரின் வேலை ஒரு கையெழுத்தில் முடிந்தது. கத்தக் கத்த அந்தத் தேன்குரல் தேய்ந்தது, முதலில் வெல்லப்பாகானது, பிறகு கருகின வெல்லப்பாகானது, வைகாசி முடிகிறபோது தகரக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தமாக ஆகியிருந்தது. வடிவு சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தாள். கேட்கவில்லை. பேச்சி கஷாயத்தைக் குடித்துவிட்டு மறுபடி கத்தினாள்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கிய கிருபாகரன் வெண்கரடி கம்பெனியின் மண்டல மேலாளர், டை கட்டியிருந்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். மேலத்தெரு முழுக்க வடிவின் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அவரை உட்கார வைத்தார்கள். நாற்காலி போட இருந்த ஒரே இடம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில்தான்.

"எங்க குரல் இங்க இருக்கிறதா தகவல்," என்றார் அவர். "அவங்க கம்பெனி சொத்து. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

"சொத்தா?" என்றாள் வடிவு. "சோறு போட்டது யாரு?"

"அம்மா, உங்களுக்குப் புரியாது. அவங்க இல்லாம லைன்ல யாரையும் காத்திருக்க வைக்க முடியலை. கூப்பிடுற அத்தனை பேரும் நேரா உள்ள வந்துடறாங்க. என் மேசைக்கு வர்றாங்க, என் வீட்டுக்கு வர்றாங்க, எம்.டி. பாத்ரூம்ல இருக்கும்போது தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, பால் திரிஞ்சு போச்சுன்னு திட்டுறாங்க. நாங்க தூங்கி எத்தனையோ நாளாச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் நம்ம ஃப்ரிட்ஜ்தான். அதுவும் பூட்டிக்கிச்சு. என் வீட்டம்மா தயிரை வாளியில போட்டுக் கிணத்துல இறக்கி வச்சிருக்கா."

கூட்டத்துக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. யாரோ எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். ஆனால் வடிவு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் வாசலில் நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, பின்சீட்டு காலியாக இருக்கிறது. பேச்சி அடுப்படி நிலையில் சாய்ந்து, கையில் உளுந்து நுரையோடு நின்றாள். அவளைப் பார்க்க வடிவுக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரே ஒரு வரி சொல்லச் சொல்லுங்க," என்றார் கிருபாகரன். ஃபோனை எடுத்து எம்.டி.யைக் கூப்பிட்டார், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள், எடுக்காமல் இருக்க வழியில்லையே. "சார், கண்டுபிடிச்சுட்டேன் சார். இதோ, கேளுங்க. பேசும்மா."

தொட்டில் பிள்ளையைக்கூடத் தூக்கிக்கொண்டு தெரு முன்னால் நகர்ந்தது. பேச்சி கையைச் சேலையில் துடைத்தாள், நிமிர்ந்து நின்றாள், வடிவைப் பார்த்தாள், பிறகு நிஜமாகவே நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு…"

வேப்பமரத்திலிருந்த காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

"யாருய்யா அது!" என்று ஃபோனுக்குள்ளிருந்து எம்.டி. அலறினார். "இதை வச்சு யாரைக் காத்திருக்கச் சொல்றது? இதைக் கேட்டா ஜனங்க நேர்லயே கிளம்பி வந்துடுவாங்க. வேண்டாம், விட்டுட்டு வா!"

தெரு கைதட்டியது. வாத்தியார் விசில் அடித்தார், முப்பது வருஷம் டிரில் நடத்திய விசில். அந்தக் கைதட்டலிலோ, விசிலிலோ, இல்லை சித்திரையையும் வைகாசியையும் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்த பொறுமை அத்தோடு தீர்ந்துபோனதாலோ, ஃப்ரிட்ஜ் ஒரு தரம் உறுமியது, இன்னொரு தரம் உறுமியது, பூட்டு தெறித்தது, கதவு தெறித்தது, வாளி வாளியாக அடைந்து கிடந்த புளித்த மாவு பொங்கல் பானை பொங்குகிற மாதிரிப் பொங்கிவந்து மண்டல மேலாளரை நாற்காலியோடு வாசல்படி வரை தள்ளிக்கொண்டு போய் இறக்கி வைத்தது. டையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

வடிவு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முகம் தெரிகிற வரைக்கும் கழுவிவிட்டாள். கிருபாகரன் கண்ணைத் திறந்து, உதட்டை நக்கிப் பார்த்தார்.

"நல்லா அரைச்சிருக்கீங்கம்மா," என்றார்.

அவர் தங்கப்பழத்தின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அரைத்த மாவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். கம்பெனிக்காரர்கள் வேறு வழியில்லாமல் அறிவில்லாத பழைய மாடலையே வடிவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அது கையால் இழுத்தால் திறந்தது. அவர்கள் புகார் எண்ணுக்கு ஒரு ஆண்குரலைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. அவன் சேலம் பக்கம் ஒரு சலூனில் இறங்கிவிட்டதாகவும் கேள்வி.

பேச்சி காலையில் கூடையோடு கிளம்பி, "மாவேய்!" என்று அந்தத் தகரக் குரலில் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கிறது. அலாரம் வைப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். போன வாரம் பொன்னுருவி அம்மாள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று வடிவின் வீட்டுக்கு வந்து, மாவு புளிக்கிறது என்று புகார் சொன்னாள்.

"எப்ப வாங்கின மாவு?" என்று கேட்டுக்கொண்டே பேச்சி உள்ளேயிருந்து வந்தாள்.

"முந்தாநாளு."

"முந்தாநாளு வாங்கினதை இன்னைக்குக் கொண்டாந்து புளிக்குன்னா, அது என்ன பண்ணும், இனிக்குமா? வெங்காயத்தை அரிஞ்சு போட்டு ஊத்தப்பம் ஊத்திட்டுப் போவியா, வந்துட்டா பெருசா!"

"நீ யாருட்டி என்னைச் சொல்ல? காசு குடுத்துத்தானே வாங்குனேன்? போன தடவை அளவும் கொறைஞ்சுது!"

"கொறைஞ்சுதா? கொறைஞ்சுதா? தராசைக் கொண்டாங்கக்கா!"

வடிவு தராசை எடுத்து நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்து கொண்டாள். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து, மூக்கோடு மூக்கு நின்று, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காமல் கத்தினார்கள். வெயில் ஏறுகிற வரை கத்தினார்கள். தாகமெடுத்து ஒரே செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கத்தினார்கள். கடைசியில் பொன்னுருவி, பேச்சி கையிலிருந்து பிடுங்காத குறையாக இரண்டு வெங்காயத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, முகமெல்லாம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, பத்து வயது குறைந்தவளைப்போல வீட்டுக்குப் போனாள்.